முகமூடியும் அச்சமும்: ‘நூறாவது நாள்’ குறித்துக் கேமரன் மலைத் தோட்டப் பார்வையாளர் கருத்துகள்

முன்னுரை

திரைப்படம் குறித்துக் கற்றோர் எழுதுவதைத் திறனாய்வு என்றும், மற்றோர் பேசுவதை வெறுங்கருத்து என்றும் பிரித்துக் காண்பது நம் துறையில் நெடுநாளைய வழக்கம். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட கொலைப் படங்களைப் பொறுத்தவரை இப்பிரிவினை இன்னும் இறுக்கமானது. படமே மதிப்பற்றது என்று கொண்டபின், அதைப் பார்த்தோர் சொல்லும் சொல்லுக்கு என்ன மதிப்பு இருத்தல் கூடும் என்று எளிதில் கடந்து சென்றுவிடுகிறோம்.

நாமும் அவ்வாறு கடந்து சென்றவரே. பத்தாண்டுகளுக்கு முன்னர், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த மாணவர் ஒருவர், ‘நூறாவது நாள்’ என்னும் திரைப்படத்தைப் பற்றி நம்மிடம் இடுபணிக் கட்டுரை ஒன்றை ஒப்படைத்தார். கோட்பாடு எதனையும் அவர் எடுத்தாளவில்லை. தம் பாட்டியும் அக்கம்பக்கத்து லயத்து வீட்டினரும் அப்படத்தைப் பற்றிக் கூறியவற்றை அவர்தம் பேச்சுமொழியிலேயே தொகுத்திருந்தார். ‘இது திறனாய்வன்று, பார்வையாளர் கருத்து’ என்று முதற்பக்கத்தில் எழுதி, குறைந்த புள்ளிகளுடன் அதைத் திருப்பிக் கொடுத்தோம். அம்மதிப்பீடு தவறானது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அது எவ்வகையில் தவறானது என்பதை விளக்குவதே இதன் நோக்கம்.

படமும் அதன் வகையும்

‘நூறாவது நாள்’ 1984ஆம் ஆண்டு மணிவண்ணன் இயக்கத்தில் வெளிவந்தது. விஜயகாந்த், மோகன், நளினி, சத்யராஜ் முதலியோர் நடித்தனர்; இசை இளையராஜா. மிகச் சில நாட்களில், சிறு செலவில் எடுத்து முடிக்கப்பட்ட படம் எனத் திரையுலகில் இன்றும் பேசப்படுகிறது. இத்தாலிய இயக்குநர் லூசியோ புல்சி 1977இல் எடுத்த படமொன்றின் கதையமைப்பைத் தழுவியது என்பதும் அறியப்பட்ட செய்தியே. தன் தமக்கை கொல்லப்படுவதைக் கனவிற் காண்கிறாள் ஒரு பெண். பின்னர் மணமாகிக் கணவனின் பங்களாவுக்கு வருகிறாள். கனவிற் கண்ட சுவர் அங்கே இருக்கிறது. அச்சுவரை உடைத்துப் பார்க்கையில் எலும்புக்கூடு வெளிப்படுகிறது. மழித்த தலையும் வட்டக் கண்ணாடியும் சிவப்பு மேலங்கியுமாக வரும் சத்யராஜின் கொலைஞன் வேடம், படம் பார்த்தோர் நினைவில் நெடுங்காலம் தங்கியது.

மேனாட்டில் முகமூடிக் கொலைஞன் படங்கள் பெருகிய காலமும் இதுவே. இத்தாலியின் மாரியோ பாவா 1964இலேயே முகம் மறைத்த கொலைஞனைத் திரையில் உலவவிட்டார். அமெரிக்காவில் 1978இல் ஜான் கார்பெண்டர் எடுத்த ‘ஹாலோவீன்’ ஏறத்தாழ மூன்று இலட்சம் டாலர் செலவில் உருவானது. அதில் வரும் கொலைஞனின் முகம், கடையில் விற்ற மலிவான இரப்பர் முகமூடி ஒன்றுக்கு வெள்ளைச் சாயம் பூசியதேயாகும். ‘நூறாவது நாள்’ முழுமையாக அவ்வகையைச் சார்ந்ததன்று. துப்பறியும் கதையின் கூறுகளும் அதில் மிகுதி. ஆயினும், முகத்தை முகமாக இயங்கவிடாமல் அசைவற்ற ஒரு பொருளாக்கி அச்சம் விளைவிக்கும் உத்தியில் இவை உறவுடையவை. சத்யராஜின் மொட்டைத் தலையும் கண்ணாடியும் இரப்பர் முகமூடி செய்யும் பணியையே செய்கின்றன.

இவ்வகைப் படங்களை ஆய்வுலகம் பொருட்படுத்தத் தொடங்கியது காலந்தாழ்ந்தே. அமெரிக்க ஆய்வாளர் கேரல் குளோவர் 1987இல் எழுதிய கட்டுரையும் 1992இல் வெளியிட்ட நூலும் இதற்கு வழிகோலின. கடைசிவரை உயிர்பிழைத்து நிற்கும் பெண்ணையும், அவளோடு ஒன்றிப்போகும் ஆண் பார்வையாளனையும் அவர் ஆராய்ந்தார். அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில் அவருடைய நூலை விரும்பிப் படித்தோம். அமெரிக்க இளைஞர்களின் திரையரங்கக் கூச்சலில் பொருள் உண்டு என்று ஏற்றுக்கொண்ட நாம், கேமரன் மலைப் பாட்டியின் சொல்லில் பொருள் தேடவில்லை. இம்முரண் அன்று நமக்குப் புலப்படாமற் போனது.

தோட்டத்தில் படம் பார்த்தல்

மலாயாத் தோட்டப்புறங்களில் திரைப்படம் திறந்த வெளியில்தான் அறிமுகமாயிற்று. 1946இல் மலாயா திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னர், அரசாங்க வண்டிகள் தோட்டந்தோறும் சென்று வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டின. 1980களில் வீடியோ நாடா வந்தது. ‘நூறாவது நாள்’ கேமரன் மலைத் தோட்டங்களுக்குள் வந்ததும் இவ்வழியிலேதான். லயத்தில் வீடியோ பெட்டி வைத்திருந்த வீட்டில் பலரும் கூடினர். திண்ணையிலும் சன்னலோரத்திலும் நின்று பார்த்தோர் உண்டு. படம் ஓடும்போதே பேசினர்; முடிந்த பின்னும் பேசினர்; மறுநாள் கொழுந்து பறிக்கும்போதும் பேசினர். இப்பேச்சு, பார்த்தலிலிருந்து வேறாகப் பிரிக்கவியலாத ஒன்று.

அண்மையில் அம்மாணவரைக் காணச் சென்றோம். அவர் இப்பொழுது அம்மலையிலேயே தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவை நோக்கி ஏறும் வழியில், 1929இல் தோன்றிய போ தேயிலை நிறுவனத்தின் பெயர்ப்பலகைகளையும் சரிவெங்கும் பரந்த கொழுந்துப் பாத்திகளையும் காணலாம். இன்று அம்மலைச் சரிவுகளில் கூடை சுமப்போருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் மிகுதி. தமிழர் பலர் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். எண்பது வயதைக் கடந்த அவருடைய பாட்டியும் அண்டை வீட்டுப் பெண்கள் இருவரும் நம்மோடு அமர்ந்து பேசினர். கீழே தரப்படுபவை அவ்வுரையாடலிலிருந்து எடுக்கப்பட்டவை. இதனைக் கள ஆய்வு என்று உரிமை கோரவில்லை. ஒரு பிற்பகல் உரையாடல் என்றே கொள்க.

மூன்று கருத்துகள்

முதலாவது, அச்சத்தின் இடம் பற்றியது. ‘மொட்டைத் தலையனைக் கண்டு பயந்தீர்களா?’ என்று கேட்டோம். அண்டை வீட்டம்மையார் சிரித்துக்கொண்டே, “அவனப் பாத்து புள்ளைங்கதான் பயந்துச்சுங்க தம்பி. எங்களுக்கு அந்த பங்களாதான் பயம். அந்த செவுத்துக்குள்ள என்னா இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நாங்க வாசலத் தாண்டி உள்ள போனதே இல்லியே” என்றார். தோட்டத்தில் துரையின் பங்களா மேட்டில் இருந்தது. லயம் பள்ளத்தில் இருந்தது. சமையற்காரரும் தோட்டக்காரரும் தவிர மற்றவர் அதன் உட்புறம் அறியார். கேமரன் மலையில் பங்களாவைச் சூழ்ந்த மர்மம் வெறுங்கற்பனையும் அன்று. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர், 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் இங்குள்ள பங்களா ஒன்றிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவேயில்லை. பெருந்தேடல் நடந்தும் தடயம் கிட்டவில்லை. சென்னைப் படத்தின் பங்களா இம்மலைப் பார்வையாளர்க்கு அயலான அரங்கமன்று. அன்றாடம் அண்ணாந்து பார்த்த கட்டடம்.

இரண்டாவது, நடிகர் பற்றியது. கொலையின் பின்னணியில் நிற்பவன் கதைத்தலைவியின் கணவனே என்பது படத்தின் முடிச்சு. அக்கணவனாக நடித்தவர் மோகன். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ முதலிய படங்களின் வாயிலாக மென்மையான காதலன் என்று தமிழ்ப் பெண்கள் மனத்திற் பதிந்திருந்தவர் அவர். “மோகனா இப்படின்னு அன்னைக்கு ராவு தூங்கவே இல்ல” என்றார் மற்றோர் அம்மையார். அதே 1984இல் வந்த ‘விதி’யிலும் மோகன் பெண்ணை ஏமாற்றுபவராக நடித்தார் என்பதை நாம் நினைவூட்டுவதற்கு முன்பே அவர் எடுத்துக் கூறினார். இக்கருத்தை நடிகர் மீதுள்ள பற்று என்று தள்ளிவிடலாகாது. படத்தின் உண்மையான முகமூடி எது என்பதை இது சரியாகச் சுட்டுகிறது. மொட்டைத் தலை கண்ணுக்குத் தெரியும் முகமூடி. மோகனின் சிரித்த முகம் கண்ணுக்குத் தெரியாத முகமூடி. அச்சிரிப்பை இயக்குநர் புதிதாக உருவாக்கவில்லை. முந்தைய படங்கள் ஈட்டித் தந்த நம்பிக்கையையே அவர் செலவின்றி எடுத்தாண்டார். குறைந்த செலவுப் படம் ஒன்று தன் வறுமையைத் திறமையாக மாற்றிக்கொண்ட இடம் இதுவே.

மூன்றாவது, நம்பப்படாமை பற்றியது. ‘எந்தக் காட்சி மனத்தை மிக வருத்தியது?’ என்னும் வினாவுக்குப் பாட்டி, கொலைக் காட்சி எதனையும் கூறவில்லை. “அந்தப் பொண்ணு சொல்றா, சொல்றா, ஒருத்தனும் நம்பல. கனவுன்னுட்டாங்க. நாங்க கிராணிகிட்ட எடை கொறையுதுன்னு சொல்லுவோம். ஒங்களுக்குக் கண்ணு தெரியலன்னுவாங்க” என்றார். கூடையில் இருந்த கொழுந்தின் எடைக்கும் ஏட்டில் ஏறிய எடைக்கும் இடையே கண்ட வேறுபாட்டை எத்தனை முறை கூறியும் ஏற்கப்படாத ஒருவர், அப்பெண்ணின் கனவைத் தம் பட்டறிவோடு பொருத்திக் காண்கிறார். குளோவர் காட்டிய இறுதிப் பெண் ஓடிப் பிழைப்பவள். இப்பாட்டி காட்டும் பெண், கண்டதைச் சொல்லி நம்பப்படாதவள். தமிழ்ப் படத்தின் பெண்ணுக்கு இரண்டாவது விளக்கமே மிகப் பொருந்துகிறது.

நால்வகை அச்சம்

இக்கருத்துகளை ஒருங்கிணைத்துக் காண நமக்கு அயல்நாட்டுக் கோட்பாடு தேவைப்படவில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைச் சுட்டுகிறது. தெய்வமும் பேயும் முதலாகிய மானுட ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை முதலாவது. கொடுவிலங்கு இரண்டாவது. தீத்தொழில் புரியும் மனிதர் மூன்றாவது. தம்மை ஆளும் நிலையில் உள்ளோர் நான்காவது.

முகமூடிக் கொலைஞன் படங்களின் உத்தி, மூன்றாவதை முதலாவதுபோலக் காட்டுவதேயாகும். கொலைஞன் மனிதன், எனினும் முகமூடி அவனை அணங்காக்குகிறது. அடிபட்டும் அவன் எழுகிறான். மூடிய கதவுக்குப் பின்னும் நிற்கிறான். மலேசியத் தமிழ்ப் படமாகிய ஜேகே விக்கியின் ‘பூச்சாண்டி’ 2022இல் பரவலான வரவேற்பைப் பெற்றது. அது நேரடியாக அணங்கின்பாற்பட்ட அச்சத்தைக் கையாண்டமையால், அங்கே இத்தகைய மயக்கத்திற்குத் தேவை எழவில்லை. ‘நூறாவது நாள்’ படத்திலோ கள்வன் அணங்காகத் தோன்றுகிறான். இறுதியில் அவனுக்குப் பின்னால் இறை நிற்பது தெரிகிறது. மனையின் தலைவனாகிய கணவனே, பங்களாவின் உடைமையாளனே, அச்சத்தின் ஊற்று.

இளையோர் அணங்குத் தோற்றத்தைக் கண்டு அஞ்சினர். தோட்டத்துப் பெண்களோ அத்தோற்றத்தைக் கடந்து நான்காவது நிலைக்களனைக் கண்டுகொண்டனர். பங்களா பற்றிய கருத்தும், மோகன் பற்றிய கருத்தும், நம்பப்படாமை பற்றிய கருத்தும் ஆகிய மூன்றும் இறை என்னும் ஒரு புள்ளியிலேயே வந்து சேர்கின்றன. துரைக்கும் மண்டோருக்கும் கிராணிக்கும் அஞ்சி வாழ்ந்த தலைமுறைக்கு, ஆள்வோரிடத்து உள்ள அச்சம் இலக்கண நூல் கூறும் ஒரு வகைமை மட்டுமன்று. படம் சொல்லாமற் சொன்னதை அவர்கள் படித்துவிட்டனர். இதனைத் திறனாய்வு என்று கூறாமல் வேறெதனைக் கூறுவது?

சாக்குத் துணி

உரையாடலின் முடிவில் மேனாட்டுப் படங்களின் முகமூடியைப் பற்றிப் பாட்டியிடம் விளக்கினோம். வெள்ளை முகமூடி அணிந்தவன் கத்தியோடு வருவான் என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தவர், “மூஞ்சிய மூடிக்கிட்டவன நான் சின்னதுல பாத்திருக்கேன். கத்தியெல்லாம் இல்ல தம்பி. தலைய ஆட்டுனான், அவ்ளோதான்” என்றார்.

அவர் மணமாகி மலையேறுவதற்கு முன்னர், பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் வாழ்ந்தவர். 1948 ஜூனில் அவ்வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; அது 1960வரை நீடித்தது. ஐயத்துக்குரியோரை அடையாளங்காண, தலையில் துணி மூடிய ஒற்றர்களை அமர்த்தி மக்களை அவர்கள் முன் நடக்கவிடும் முறை அக்காலத்தில் வழக்கில் இருந்தது. ஜப்பானியர் ஆட்சியிலும் இம்முறை கையாளப்பட்டது வரலாறு. பெரட்டுக் களத்தில் தம் தாயின் கையைப் பற்றியவாறு வரிசையில் நடந்ததையும், கண்ணிருந்த இடத்தில் மட்டும் துளையிட்ட சாக்குத் துணியையும் பாட்டி விவரித்தார். அத்துணி அசைந்தபோது வரிசையிலிருந்து ஒருவர் விலக்கி நிறுத்தப்பட்டார். “அந்தத் துணிக்குள்ள இருந்தவனும் நம்மாளுதான்னு பேசிக்கிட்டாங்க. யாருன்னு கடைசிவரைக்கும் தெரியல” என்றார்.

தெருக்கூத்தில் முகத்துக்கு எழுதும் ஒப்பனையும் கட்டைகளும், மேடையேறுபவர் இன்னார் என்று அறிவிப்பதற்கு உரியவை. துரியோதனனையும் வீமனையும் பார்த்த அளவில் அவை அறியும். முகமூடிக் கொலைப் படத்தின் முகமூடியோ மறைப்பதற்கு உரியது. இவ்விரண்டாம் வகை நமக்கு அயலானது, மேனாட்டிலிருந்து இறக்குமதியானது என்பதே நமது நெடுநாளைய கருத்து. பாட்டியின் நினைவு இக்கருத்தைத் தகர்த்துவிடுகிறது. மறைக்கும் முகமூடியை இம்மண்ணின் தமிழர் திரையரங்கிற்கு வெகுகாலம் முன்பே, பெரட்டுக் களத்திலேயே கண்டவர்கள். அதனை அணிந்தவன் அணங்கும் அல்லன், கள்வனும் அல்லன். ஆள்வோரின் கையாக அமர்ந்திருந்தவன். வேற்றான் அல்லாமல் தம்முள் ஒருவன் என்பதே அவன்பால் கொண்ட அச்சத்தின் கொடுமை. மொட்டைத் தலைக்குப் பின்னால் கணவன் நிற்பதைக் கண்டு பாட்டி வியக்காமைக்குக் காரணம் இப்பொழுது விளங்குகிறது.

சில மறுப்புகள்

பார்வையாளர் கருத்துகளை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது நம் வாதமன்று. நினைவு படங்களைக் கலந்துவிடும். கொன்ற பெண்களை ரோஜாத் தோட்டத்தில் புதைக்கும் காட்சி ‘நூறாவது நாள்’ படத்தில் வருவதாகப் பாட்டி உறுதியாகக் கூறினார். அது 1978இல் பாரதிராஜா இயக்கிய ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்திற்கு உரியது. ரோஜாப் பண்ணைகள் நிறைந்த ஒரு மலையில் அக்காட்சி இடம்பெயர்ந்து நினைவிற் பதிந்தமை வியப்புக்குரியதன்று. ஆயினும் தரவு என்ற முறையில் அது பிழையே. அதனைத் திருத்திக் குறிப்பது ஆய்வாளர் கடன்.

இத்தகைய படங்கள் வன்முறையைத் தூண்டும் என்னும் ஆசிரியர்தம் கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. ‘நூறாவது நாள்’ வெளிவந்த பின்னர்ச் சென்னைப் பகுதியில் நிகழ்ந்த ஒரு பல்கொலை வழக்கோடு இப்படத்தின் பெயர் இணைத்துப் பேசப்பட்டது. எனவே இப்படத்தை வகுப்பறையில் திரையிடுமாறு நாம் கூறவில்லை. படத்தைத் திரையிடுவது வேறு. படத்தைப் பார்த்தவர் பேச்சைக் கேட்டுப் பதிவுசெய்வது வேறு. இரண்டாவதற்கு எத்தடையும் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ஒன்று, குறைந்த செலவுக் கொலைப் படம் ஒன்றின் உட்பொருளைத் தோட்டத்துப் பார்வையாளர் நமக்கு முன்பே கண்டுணர்ந்தனர். இரண்டு, அவர்தம் கருத்துகளை விளக்க மெய்ப்பாட்டியலின் அச்சக் கோட்பாடு இன்றும் பயன்தருகிறது. மூன்று, முகமூடி பற்றிய மேனாட்டு விளக்கங்கள் மலாயாத் தமிழர் பட்டறிவுக்கு முழுதும் பொருந்தா.

விடைபெறும்போது, அப்பழைய இடுபணியின் படி கிடைக்குமா என்று ஆசிரியராகிய அம்மாணவரிடம் கேட்டோம். லயத்து வீட்டை விட்டு மாறியபோது பழைய தாள்களோடு அதுவும் போய்விட்டது என்றார். அதில் பன்னிரண்டு பேரின் கருத்துகள் இருந்தன என்பது அவர் நினைவு. அவர்களுள் இன்று உயிருடன் இருப்போர் மூவர். நாம் அன்று பேசியது அம்மூவருடனேயே. எஞ்சிய ஒன்பதின்மர் கூறியது என்ன என்பதை இனி அறிய வழியில்லை. அதனை ஒருமுறை படித்தவர் என்னும் முறையில் நாம் நினைவுகூர முயன்றோம். புள்ளியிட்டது நினைவிருக்கிறது, படித்தது நினைவில் இல்லை.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. மாணவர் தம் வீட்டு முதியோரிடம் சென்று, அவர்கள் பார்த்த படங்களைப் பற்றிக் கேட்டு எழுதி வரட்டும். அதனைக் கேட்டல், பேச்சுத் திறன் பயிற்சியாகவும் கொள்ளலாம். அவ்வாறு எழுதிவரும் தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன், ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது நன்று.